எறும்பு விருந்து

பெரிய சத்துரு வீட்டில் புகுந்தால் சமாளிப்பது சுலபம். பாம்பு வந்தால் தெருவே திரண்டு வந்துவிடும். குரங்கு வந்தால் பட்டாசு இருக்கிறது. எலி வந்தால் பொறி இருக்கிறது. அதற்குள் வைக்க மசால் வடையும் இருக்கிறது. ஆனால் இரண்டு மில்லிமீட்டர் நீளங்கூட இல்லாத சின்ன எறும்பு வந்துவிட்டால், உதவிக்கு ஓர் ஆத்மா வருவதில்லை. "எறும்புதானே!" என்று சிரித்துவிட்டு அண்டை வீட்டார் போய்விடுகிறார்கள். அவர்கள் வீட்டிலும் அதே எறும்பு சர்க்கரை டப்பாவில் சௌக்கியமாக இருக்கிறது என்பது வேறு விஷயம்.

நாம் இங்கே கட்டெறும்பைப் பற்றிப் பேசவில்லை. அது கம்பீரமான பிராணி. தனியாக வரும், கடித்தால் கடித்தேன் என்று நேர்மையாகத் தெரியப்படுத்தும். நாம் சொல்வது, தலை கறுத்து, பின்புறம் வெளுத்து, வெள்ளைத் தரையில் பாதி உடம்பு கண்ணுக்கே தெரியாமல் ஓடும் ஜாதி. நம் தாயார் இதைப் பிள்ளையார் எறும்பு என்பார்கள். கடிக்காத சின்ன எறும்பு எதுவானாலும் அவர்களுக்குப் பிள்ளையார் எறும்புதான். அதை நசுக்கக் கூடாது என்பது அவர்கள் கட்சி. இதற்கு ஒன்றுவிட்ட சகோதரன் போல மஞ்சள் நிறத்தில் இன்னொரு சின்ன எறும்பு உண்டு. ஸ்வீடன் தேசத்து அறிஞர் லின்னேயஸ் 1758-ல் அதற்கு எகிப்து தேசத்துப் பாரோ மன்னரின் பெயரைச் சூட்டினார். பெயர் ராஜாவின் பெயர். குடியிருப்பது சுவர் வெடிப்பில்.

நம் முன்னோர்கள் எறும்பைக் கொல்வதில் அதிகச் சிரத்தை காட்டவில்லை. பண்டத்தைக் காப்பாற்றுவதில்தான் அவர்கள் புத்தியைச் செலுத்தினார்கள். வெண்ணெய் உறியில் தொங்கிற்று. பட்சணப் பாத்திரம், தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தின் நடுவே தீவு போல வீற்றிருந்தது. சாமான் அலமாரியின் நான்கு கால்களும் நான்கு தண்ணீர்க் கிண்ணிகளில் நின்றன. அருமையான உபாயந்தான். ஆனால் அந்தக் கிண்ணிகளை மறந்துவிட்டால், தண்ணீரின் மேல் தூசி படிந்து எறும்புக்குப் பாலமாகிவிடுகிறது. அது போதாதென்று, டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு முட்டையிட்டு வளர்வதற்கும் இந்தக் கிண்ணித் தண்ணீர் மிகவும் சௌகரியமான இடம். எறும்பைத் தடுக்கப் போய்க் கொசுவுக்குத் தொட்டில் கட்டிய கதையாக முடியாமல் இருக்க வேண்டுமானால், தண்ணீரில் ஒரு பிடி உப்பைப் போட்டு, வாரம் இரண்டு முறை கிண்ணியைத் தேய்த்துக் கழுவி மாற்ற வேண்டும். நம் வீட்டில் செவ்வாயும் வெள்ளியும் இதற்கு ஏற்பட்ட நாட்கள்.

பண்டத்தை உறியில் ஏற்றலாம். குழந்தையை என்ன செய்வது? 2022-ம் வருஷத்து ஐப்பசியில் நம் பெண் பிரசவத்துக்கு வந்து, நான்கு மாதக் குழந்தையோடு மயிலாப்பூரில் நம் வீட்டிலேயே இருந்தாள். வெளியே அடைமழை. மழை வலுத்தால் எறும்பு உள்ளே குடி வரும் என்பது தெரிந்ததுதான். ஒரு நாள் விடியற்காலையில் குழந்தை வீறிட்டு அழுதது. விளக்கைப் போட்டுப் பார்த்தால், உத்தரத்திலிருந்து தூளிக் கயிற்றின் வழியாகக் கோடு கிழித்தாற்போல எறும்புச் சாரை இறங்கிக்கொண்டிருந்தது. கடைவாயில் வழிந்து உலர்ந்திருந்த பாலில் ஒரு கூட்டம். காதோரத்தில் ஒரு கூட்டம்.

"கடிக்காதடி, அது பிள்ளையார் எறும்பு" என்று தாயார் சமாதானம் சொன்னார்கள்.

"அது பிள்ளையார் எறும்பு என்று குழந்தையின் காதுக்குத் தெரியுமா, பாட்டி?" என்று கேட்டுவிட்டு நம் பெண் அழ ஆரம்பித்துவிட்டாள்.

மறுநாளே மாப்பிள்ளை ஒரு பீச்சு மருந்து டப்பாவும், எறும்புச் சாக்குக்கட்டி ஒரு டஜனும் வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். நாம் அவற்றை மரியாதையாக வாங்கிப் பரண் மேல் வைத்தோம். காரணம் உண்டு. நம் பால்யத்தில் வீட்டுக்கு வீடு தரையோரங்களில் வெள்ளைப் பொடி ஒன்றைத் தூவுவார்கள். அதன் நெடி இன்றும் நம் மூக்கில் இருக்கிறது. பி. எச். சி. என்ற அந்த விஷப் பொடியை 1997-ல் இந்திய அரசாங்கம் தடை செய்தது. அதற்குள் எத்தனை குழந்தைகள் அதன் மேல் தவழ்ந்து விரலைச் சூப்பினவோ, யார் கண்டார்கள்! சாக்குக்கட்டியிலும் பூச்சிக்கொல்லிதான் சேர்ந்திருக்கிறது. பார்வைக்குப் பள்ளிக்கூடத்துச் சாக்குக்கட்டிதான். தவழும் குழந்தைக்கு இரண்டும் ஒன்றே.

விஷத்தைக் காட்டிலும் பெரிய காரணம் இன்னொன்று. இந்த ஜாதி எறும்புக்கு ஒரே ராணி, ஒரே கோட்டை என்ற சம்பிரதாயம் கிடையாது. ஒரு கூட்டத்தில் பல ராணிகள். சுவர் வெடிப்பு, மின்சார ஸ்விச்சுப் பெட்டி, பழைய காகிதக் கட்டு எதுவானாலும் அரண்மனைதான். ஆபத்து என்று தெரிந்தால் ஒரு ராணி சில சிப்பந்திகளையும் குஞ்சுகளையும் அழைத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்த் தனிக்குடித்தனம் வைத்துவிடுகிறாள். நாம் வெளியே பார்க்கும் சாரை, கூட்டத்தில் ஒரு சிறு பங்குதான். பீச்சு மருந்து அடித்தால் அந்தச் சிறு பங்கு சாகிறது. மிஞ்சியிருப்பது நாலாகப் பிரிகிறது. சமையலறையில் மட்டும் இருந்தது பூஜை அறைக்கும் வந்துவிடுகிறது.

அதன் புத்திசாலித்தனத்தையும் சொல்ல வேண்டும். முன்னே போகும் எறும்பு வாசனையால் பாதை போட்டுக்கொண்டே போகிறது என்பது பலருக்கும் தெரியும். மேலே சொன்ன பாரோ எறும்பு அதற்கும் ஒரு படி மேலே போயிருக்கிறது. இரை இல்லாத கிளைப் பாதையின் முகப்பில் அது வேறொரு வாசனையை வைத்து, "இவ்வழி செல்லற்க" என்று தெரியப்படுத்துகிறதாம். 2005-ல் இங்கிலாந்தில் ஷெப்பீல்டு பல்கலைக்கழகத்தார் இதைக் கண்டுபிடித்தார்கள். நம் நகரத்தில் தோண்டிப் போட்ட தெருக்களின் முனையில் இப்படி ஒன்று வைத்தால் எத்தனை பேர் பள்ளத்தில் விழாமல் தப்பிப்பார்கள்! அதே எறும்பு ஆஸ்பத்திரிகளில் நோய்க்கிருமிகளைச் சுமந்து திரிகிறது என்று இங்கிலாந்தில் 1972-ல் எச்சரித்தார்கள். ஆகையால் "எறும்புதானே!" என்ற வார்த்தை நமக்கு ரசிப்பதில்லை.

முதல் ஐந்து நாட்கள் தாயாரின் வழியிலேயே நடந்தோம். சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்துச் சாரையின் பாதையைத் துடைத்தோம். வாசனை போய்விட்டால் வழி தவறும். வெடிப்புகளை வெள்ளைச் சிமெண்டால் அடைத்தோம். வேப்பெண்ணெயில் தோய்த்த துணியைத் தூளிக் கயிற்றில் சுற்றினோம். குழந்தையின் வாயைப் பால் குடித்த கையோடு துடைத்தோம். கயிறு தப்பிற்று. ஆனால் ஸ்விச்சுப் பெட்டியிலிருந்து புதிய சாரை ஒன்று தொட்டித் துணிகளை நோக்கிப் புறப்பட்டுவிட்டது.

பிறகுதான் போரிக் பொடியை எடுத்தோம். மருந்துக் கடையில் கிடைக்கும். காரம் பலகையில் வழுக்குவதற்காகத் தூவுகிறார்களே, அநேகமாக அதே சரக்கு. கால் லிட்டர் வெந்நீரில் 25 கிராம் சர்க்கரையும் 2½ கிராம் போரிக் பொடியும் கரைத்தோம். இதற்கு மேல் பொடி போடக் கூடாது. காரம் அதிகமானால் எறும்பு தொடாது. தொட்டாலும் கூட்டுக்குப் போகுமுன் செத்துவிடும். குறைவாக இருந்தால் வயிற்றில் சுமந்து சென்று, வாயோடு வாய் வைத்து, ராணிக்கும் குஞ்சுக்கும் ஊட்டும். பஞ்சை அதில் நனைத்து, மூடியில் துளையிட்ட சிறு சீசாக்களில் அடைத்து, குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில், சாரை வரும் இடங்களில் வைக்க வேண்டும். மனிதக் குழந்தையின் வயிற்றுக்கும் இது ஆகாது. ஆகவே சீசாவின் மேல் பெரிய எழுத்தில் விஷம் என்று எழுதி ஒட்டினோம்.

தாயார் அருகில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏண்டா அப்பா, மிதிபட்டுச் சாகிறது அதன் விதி. விருந்துக்குக் கூப்பிட்டு விஷம் வைக்கிறாயே, அதற்கு என்ன பேர்? அதுவும் அது தான் மட்டும் சாப்பிடாது, குஞ்சுக்கும் எடுத்துக்கொண்டு போகும் என்று நம்பித்தானே வைக்கிறாய்?"

நமக்குப் பதில் தோன்றவில்லை, இன்றுவரை தோன்றவில்லை. பீச்சு மருந்து அடிப்பவன் கோபத்தில் கொல்கிறான். நாம் எறும்பின் கோபத்தையோ பேராசையையோ நம்பி வலை விரிக்கவில்லை. கிடைத்ததைத் தன் கூட்டத்தோடு பகிர்ந்து உண்ணும் அதன் நற்குணத்தை நம்பித்தான் விரித்தோம். தூளியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. சீசாவை வைத்தோம்.

முதல் இரண்டு நாட்கள் வீட்டில் திருவிழா. எங்கெங்கோ இருந்த எறும்பெல்லாம் சீசாவை மொய்த்தன. நம் பெண் பயந்துபோனாள். இந்தச் சமயத்தில் பொறுமை இழந்து துடைத்துவிடக் கூடாது; வருகிறவர்களை வரவிட வேண்டும். மூன்று நாளைக்கு ஒரு முறை பாகைப் புதிதாக மாற்றினோம். இரண்டாம் வாரம் சாரை மெலிந்தது. மூன்றாம் வாரம் ஸ்விச்சுப் பெட்டிப் பக்கம் ஒன்றும் இல்லை.

தாயார் அந்தச் சீசாக்களைக் கையால் தொடவில்லை. பூஜை அறையில் மட்டும் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள், வைக்கவில்லை. தினந்தோறும் காலையில் வாசலில் பச்சரிசி மாவில் கோலம் போடுவது நிற்கவே இல்லை. அதைத் தின்ன வருவது வேறு ஜாதிக் கறுப்பு எறும்பு என்பது நம் அபிப்பிராயம். நாம் அதை அவர்களிடம் சொல்லவில்லை.

கார்த்திகைத் தீபத்தன்று பொரி உருண்டைத் தட்டில் வெளுத்த எறும்பு ஒன்று தனியாக அலைந்துகொண்டிருந்தது. தாயார் ஓர் ஈர்க்குச்சியை நீட்டினார்கள். அது ஏறிக்கொண்டது. மெதுவாக நடந்து போய் வாசல் கோலத்தின் நடுவில் அதை இறக்கிவிட்டார்கள். அது மாவைத் திரும்பியும் பாராமல் நேரே ஓடி, வாசற்படிக்கு அடியில் இருந்த ஒரு வெடிப்புக்குள் நுழைந்தது. அந்த வெடிப்பை அடைக்க மறுநாள் கால் கிலோ வெள்ளைச் சிமெண்டு வாங்கினோம்.