தன்னாமுனையிலிருந்து எரிமலைக்கு

மட்டக்களப்பு நகரிலிருந்து ஏறாவூரை நோக்கிச் செல்லும் பெருந்தெருவில், ஒருபுறம் வாவியும் மறுபுறம் சற்றுத் தொலைவிலே கடலுமாக அமைந்த ஊர் தன்னாமுனை. நீரோடு பிறந்து நீரோடு வளரும் இவ்வூர்ப் பிள்ளைகளுக்கு நெருப்பாறு என்பது நெடுங்காலம் கதைகளில் மாத்திரமே உள்ள பொருளாக இருந்தது. இன்றோ உலகம் முழுவதும் ஒரு கையகலத் திரைக்குள் அடங்கி விட்டது. மலையின் வயிறு பிளந்து செந்நிறக் குழம்பு வழிந்தோடும் காட்சியை வீட்டுத் திண்ணையில் இருந்தவாறே பிள்ளைகள் காண்கின்றனர். கண்டதும், “இதனை நாம் நேரிலே சென்று பார்க்க முடியாதா?” என்று பெற்றோரைக் கேட்கின்றனர்.

இவ்வினாவைச் சிறுபிள்ளைத்தனம் என்று தள்ளிவிடுதல் தகாது. காணும் ஆசையே கல்வியின் முதற்படி. ஆயின், எரிமலையைக் காணும் ஆசை மற்றைய ஆசைகளைப் போன்றதன்று. கோயில் திருவிழாவுக்கு நாள் குறித்துச் செல்லலாம். நீர்வீழ்ச்சியை மழைக்காலம் அறிந்து சென்று காணலாம். எரிமலையோ பஞ்சாங்கம் பார்ப்பதில்லை. அது பொங்கும் நாளையும் அடங்கும் நாளையும் அதுவே வகுத்துக்கொள்கின்றது. ஆதலின் இப்பயணத்துக்குப் பணத்தையும் கடவுச்சீட்டையும் தேடுமுன், அறிவைத் தேடிக்கொள்ளல் வேண்டும்.

நம் நாட்டில் எரிமலை உண்டா?

இலங்கையில் உயிருள்ள எரிமலை எதுவும் இல்லை. கிழக்கு மாகாணத்து நிலத்தின் அடியிலுள்ள பாறைகள் ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. பெரும் வெப்பத்தாலும் அமுக்கத்தாலும் உருமாறி இறுகியவை. குடும்பிமலையைத் தொலைவிலிருந்து கண்டு, அஃது அவிந்துபோன எரிமலையோ என்று ஐயுறுவார் உண்டு. அதுவும் எரிமலை அன்று. சுற்றியிருந்த நிலம் மழையாலும் வெயிலாலும் தேய்ந்துபோக, தேயாது எஞ்சி நின்ற வன்பாறையே அது.

அவ்வாறாயின், மகாஓயாவில் நிலத்தினின்று கொதிநீர் ஊறுவது எவ்வாறு என்று மாணவர் கேட்பர். செங்கலடிச் சந்தியிலே திரும்பி, கரடியனாற்றையும் புல்லுமலையையும் கடந்து பதுளை வீதி வழியே சென்றால் மகாஓயாவை அடையலாம். தன்னாமுனையிலிருந்து ஒரு பகலிற் சென்று திரும்பக்கூடிய தூரம் அது. அங்குள்ள கிணறுகளுள் சிலவற்றின் நீர் 50 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பமுடையது. திருகோணமலைக் கன்னியாவிலோ ஏழு கிணறுகள் உள. இராவணன் தன் தாயின் அந்திமக் கிரியைக்காக அவற்றை உண்டாக்கினான் என்பது மக்கள் வழங்கிவரும் ஐதீகம்.

இந்நீரைச் சூடேற்றுவது எரிமலை நெருப்பு அன்று. பூமிக்குள்ளே ஆழம் செல்லச் செல்ல வெப்பம் கூடும். பொதுவாக ஒவ்வொரு கிலோமீற்றர் ஆழத்துக்கும் 25 முதல் 30 பாகை வரை அது உயர்கின்றது. பெய்த மழைநீர் பாறை வெடிப்புகளின் வழியே மெல்ல மெல்ல ஆழத்துக்கு இறங்கி, அங்கே சூடேறி, வேறொரு வெடிப்பு வழியாக விரைந்து மேலே வருமாயின், அது வெந்நீரூற்றாகின்றது. நம் நாட்டின் வெந்நீரூற்றுகள் பெரும்பாலும், மத்திய மலைநாட்டுப் பாறைத் தொகுதியும் கிழக்குத் தாழ்நிலப் பாறைத் தொகுதியும் சந்திக்கும் எல்லையை அடுத்தே காணப்படுவது இதனாலேயே.

ஆகவே, எரிமலைப் பயணத்தின் முதற்பாடத்தை மகாஓயாவிலேயே கற்கலாம். வடகீழ்ப் பருவமழை ஓய்ந்த பின்னர், காலையிலே புறப்பட்டுச் செல்லுதல் நன்று. ஒவ்வொரு கிணற்றின் சூடும் வெவ்வேறு. பெரியவர் ஒருவர் சிறிது நீரை முகந்து தொட்டுப் பார்த்த பின்னரே பிள்ளைகளை நீராட விடல் வேண்டும். வழியிலே காட்டு யானைகள் நடமாடுவதால், பொழுது சாயுமுன் திரும்பிவிடுதல் அறிவுடைமை. காலடியின் கீழுள்ள பூமி குளிர்ந்த கட்டி அன்று என்பதை அந்நீரைத் தொட்ட கை மறவாது.

அந்தமான் கடலின் எரிமலை

உண்மையான எரிமலையைக் காண விரும்புவோர்க்கு நம் கடலிலேயே ஒன்று உளது. மட்டக்களப்புக் கரையில் நின்று வடகிழக்கே நோக்கினால், ஏறத்தாழ 1,400 கிலோமீற்றருக்கு அப்பால், அந்தமான் தீவுகளுக்குக் கிழக்கே ‘பாரன்’ தீவு இருக்கின்றது. இந்தியாவிலே உயிருள்ள எரிமலை இஃது ஒன்றே. ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் அகலமுள்ள இத்தீவு கடல்மட்டத்துக்கு மேல் 350 மீற்றர் அளவே உயர்ந்து தோன்றினும், அதன் அடி ஈராயிரம் மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்திலே, கடலின் தரையில் ஊன்றியுள்ளது. கடலுக்கு மேலே நாம் காண்பது ஒரு பெருமலையின் முடியை மட்டுமே. 1787ஆம் ஆண்டில் அது பொங்கியமை பதிவாகியுள்ளது. பின்னர் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் உறங்கிக் கிடந்து, 1991இல் விழித்தது. அதன் பின் பன்முறை புகைந்தும் பொங்கியும் வருகின்றது. மனிதர் எவரும் அங்கு வாழ்வதில்லை. மனிதர் விட்டுச் சென்ற ஆடுகளின் வழிவந்த காட்டாடுகள் வாழ்கின்றன.

அங்குச் செல்ல விரும்புவோர் கொழும்பிலிருந்து சென்னைக்கும், சென்னையிலிருந்து அந்தமான் தலைநகருக்கும் விமானத்திற் செல்லலாம். போட்பிளேயர் என வழங்கிய அந்நகருக்கு 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்னும் பெயர் இடப்பட்டது. அங்கிருந்து பாரன் தீவு ஏறத்தாழ 140 கிலோமீற்றர் கடல் வழி. உல்லாசப் பிரயாணிகள் தீவில் இறங்க அனுமதி இல்லை. கப்பலில் இருந்தவாறே காணல் வேண்டும். வெளிநாட்டவர்க்குரிய அனுமதி விதிகளை இந்திய உயர் ஸ்தானிகராலயத்தில் முன்கூட்டியே கேட்டறிந்துகொள்ளல் அவசியம். இவ்வளவும் செய்து சென்றாலும், எரிகுழம்பு ஓடும் என்பதற்கு உறுதி இல்லை. கரிய சாம்பற் சரிவையும், முடியில் மெல்லிய புகையையும் மட்டுமே கண்டு திரும்ப நேரலாம்.

ஓடும் நெருப்பைக் காண்பதற்கு

எரிகுழம்பு ஓடக் காண்பதற்குப் பெயர்பெற்ற இடம், பசிபிக் சமுத்திரத்திலுள்ள ஹவாய்த் தீவின் கிலவேயா எரிமலை. அதனை உள்ளடக்கிய தேசியப் பூங்கா 1916இல் நிறுவப்பட்டது. அதற்கும் முன்னரே, 1912இல், தோமஸ் ஜாகர் என்னும் அறிஞர் அம்மலையின் விளிம்பிலே ஆய்வுநிலையம் ஒன்றை அமைத்துவிட்டார். பூமியின் அதிர்வையும், மலையின் வீக்கத்தையும், வெளிவரும் வாயுக்களையும் அந்நிலையத்தார் இரவு பகலாக அளந்து அறிக்கை வெளியிடுகின்றனர். நாள் குறிப்பதற்கு முன்னர் நாம் படிக்கவேண்டிய பஞ்சாங்கம் அவ்வறிக்கையே.

கிலவேயாவின் குழம்பு இளகிய தன்மையது. ஏறத்தாழ 1,150 பாகை வெப்பமுடையது. அதில் வாயுக்கள் இலகுவாக வெளியேறிவிடுவதால் பெரும்பாலும் பேரிரைச்சலோடு வெடியாது வழிந்தோடும். 2024 டிசெம்பர் 23ஆம் நாள் தொடங்கிய பொங்குதலில், குழம்பு சில மணி நேரம் ஊற்றுப்போல் வானளாவ எழுவதும், பின்னர் நாட்கணக்கில் அடங்கியிருப்பதுமாக மாறிமாறி நிகழ்ந்தது. மூன்று நாள் விடுமுறையில் ஓடிச்சென்று திரும்ப எண்ணுவார் வெறுங்கையோடு மீளுதல் கூடும். நாட்களை அகலமாக வைத்துக்கொள்வதும், காணாவிடினும் வருந்தாத மனத்தை உடன் கொண்டுசெல்வதும் இப்பயணத்துக்கு வேண்டிய பொருள்கள். இரவிலே குழம்பின் செம்மை நன்கு தோன்றும். அவ்விடம் 1,200 மீற்றர் உயரத்தில் இருப்பதால், நம் கரையோர மக்களுக்குக் கம்பளி உடை இன்றியமையாதது. மலையிலிருந்து வரும் கந்தக வாயு இழுப்பு நோயுடையாரைப் பெரிதும் வருத்தும். அவர்கள் வைத்தியரைக் கேளாது செல்லலாகாது.

மற்றொன்றும் நினைவிற் கொள்க. எல்லா எரிமலைகளும் கிலவேயாவைப் போன்றவை அல்ல. குழம்பு தடித்திருக்கும் மலைகளில் வாயு அடைபட்டு வெடிக்கும்; அங்கே ஓடித் தப்புதற்கும் நேரம் கிடையாது. நியூசிலாந்தின் வெண்தீவில் 2019 டிசெம்பர் 9ஆம் நாள் உல்லாசப் பிரயாணிகளும் வழிகாட்டிகளுமாக 47 பேர் நின்றிருந்த வேளையில் மலை வெடித்தது. 22 பேர் உயிரிழந்தனர். அமைதியானது எனப்படும் கிலவேயாவிலுங்கூட, 2018 யூலையில் குழம்பு கடலில் விழும் இடத்தை அணுகிய படகொன்றின் மேல் எரிகற்கள் வந்து வீழ, 23 பேர் காயமுற்றனர். வேலி போட்ட இடத்தில் நிற்பதும், காவலர் போ என்றால் உடனே போவதும் கோழைத்தனம் அல்ல.

நெருப்பாக அன்றி நீராக

இவையெல்லாம் தொலைவில் உள்ளார்க்கு உரிய செய்திகள், நமக்கென்ன என்று எவரேனும் எண்ணலாம். அவ்வாறு எண்ண மட்டக்களப்பாரால் இயலாது. பாரன் தீவின் எரிமலைக்குக் காரணம், இந்து சமுத்திரத்தின் அடித்தகடு கிழக்கேயுள்ள தகட்டின் கீழ் அமிழ்வதாகும். அமிழும் தகட்டிலிருந்து பிரியும் நீர் மேலுள்ள பாறையை உருகச் செய்ய, அவ்வுருகிய பாறையே குழம்பாகி மேலெழுகின்றது. அதே தகட்டு எல்லைதான் 2004 டிசெம்பர் 26ஆம் நாள் காலையில், சுமாத்திரா முதல் அந்தமான் வரை ஆயிரம் கிலோமீற்றருக்கு மேற்பட்ட நீளத்துக்குப் பிளந்து அசைந்தது. சுமார் இரண்டு மணி நேரத்தில் அவ்வசைவு நாவலடியையும், கல்லடியையும், திருச்செந்தூரையும் கடலாக வந்து மூடியது. இலங்கையிலே முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். திருச்செந்தூர் முருகன் ஆலயத்தின் சாய்ந்த கோபுரம் அந்நாளின் சாட்சியாயிற்று.

அதற்கு முன்னரும் இக்கடல் ஓர் எச்சரிக்கை தந்திருந்தது. 1883 ஓகஸ்ட் 27ஆம் நாள், சுந்தா நீரிணையிலுள்ள கிரக்கத்தோவா எரிமலை வெடித்தபோது, காலித் துறைமுகத்தில் கடல் பின்வாங்கிப் படகுகள் தரையிலே கிடந்தன. பாணமையை அடுத்த அறுகம் கரையில் அலை ஒரு பெண்ணின் உயிரைக் கொண்டது. அடுத்த மாதத்தில் இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் சூரியன் பச்சை நிறமாகத் தோன்றியது. வானில் பரவிய எரிமலைத் தூசியே அதன் காரணம். ஆயினும் 120 ஆண்டுகளுக்குள் அச்செய்தி நம் மக்களின் நினைவிலிருந்து அகன்றுவிட்டது. 2004இல் இலங்கையின் சில கரைகளிலே கடல் உள்வாங்கியபோது, அந்த விந்தையைக் காண மக்கள் கடலை நோக்கியே நடந்தனர். கடல் பின்வாங்கினால் மேட்டுநிலத்தை நோக்கி ஓடவேண்டும் என்னும் ஒரு சொல் அவர்களுக்குக் கிடைத்திருப்பின் எத்தனையோ உயிர்கள் எஞ்சியிருக்கும்.

காணும் ஆசை அவர்களிடம் இருந்தது. காண்பதன் பொருளைச் சொல்லுவாரே இல்லை. வெண்தீவில் நின்றவர்க்கும், கரையில் நின்றவர்க்கும் நேர்ந்தது இதுவே. ஆதலின் எரிகுழம்பைக் காண விரும்பும் பிள்ளைகளைத் தடுத்தல் வேண்டா. அவர்களின் ஆசையை ஒரு படிமுறையில் நடத்துதல் வேண்டும். முதலாம் ஆண்டு விடுமுறையில் மகாஓயாவுக்குச் செல்க. அடுத்து, வங்கக் கடலின் படம் ஒன்றை விரித்து, மட்டக்களப்புக்கும் பாரன் தீவுக்கும் இடையே ஒரு கோடு வரைக. அக்கோட்டின் மறுமுனையிலே பூமியின் தகடு அமிழ்கின்றது என்பதைப் பிள்ளைக்குக் காட்டுக. பின்னர், வீட்டிலிருந்து மேட்டுநிலத்துக்குச் செல்லும் வழியைக் குடும்பத்தோடு ஒருமுறை நடந்து பார்க்க. வசதி வாய்க்குமாயின், கிலவேயாவின் அறிக்கையை நாடோறும் படித்து நாள் குறித்துப் புறப்படுக.

அவ்வாறு சென்ற பிள்ளை எரிகுழம்பைக் கண்டாலும் காணாவிட்டாலும், பூமி பேசும் மொழியில் சில சொற்களையேனும் அறிந்து மீளும். வாவிக்கும் கடலுக்கும் இடையே வாழும் நமக்கு அச்சொற்கள் என்றும் வேண்டியவை.