ஒலிக்காத அழுகை

வறுமையைத் திரையில் காட்டுவது எளிது. கிழிந்த ஆடையும் ஒட்டிய வயிறும் போதும். பார்ப்பவர் இரங்குவார், அந்த இரக்கத்தால் தம்மைச் சற்று உயர்ந்தவராகவும் எண்ணிக்கொள்வார். சத்யஜித் ராய் 1955இல் உருவாக்கிய ‘பதேர் பாஞ்சாலி’ என்னும் வங்கமொழிப் படம் இந்த எளிய வழியை நாடவில்லை.

விபூதிபூஷண் பந்தோபாத்யாயரின் நாவலைத் தழுவிய இப்படம், ஓர் ஏழைப் புரோகிதர் குடும்பத்தின் கதை. தந்தை ஹரிஹரர், தாய் சர்வஜயா, மக்கள் துர்கா, அப்பு, முதுமையால் வளைந்த உறவினரான இந்திர் பாட்டி ஆகிய ஐவரும் இடிந்துவரும் ஒரு வீட்டில் வாழ்கின்றனர். படத்தின் தொடக்கத்திலேயே துர்கா பாட்டிக்காகக் கொய்யாக்கனி எடுத்து வருகிறாள். அத்தோட்டம் ஒருகாலத்தில் அவர்கள் குடும்பத்துக்கே உரியது. கடனைக் காட்டி அண்டை வீட்டார் எடுத்துக்கொண்டது. தன் வீட்டு மரமாய் இருந்ததன் கனியைத் தொட்டதற்குச் சிறுமி திருடி எனப்படுகிறாள். உடைமை பற்றிய சொற்பொழிவு எதுவும் படத்தில் இல்லை.

பின்னொரு நாள் அண்டை வீட்டுப் பெண்ணின் மணிமாலை காணாமற்போகிறது. பழி துர்காவின்மேல் விழுகிறது, அவள் மறுக்கிறாள். அவமானம் தாங்காத தாய், மகளின் கூந்தலைப் பற்றி இழுத்து வெளியே தள்ளுகிறாள். சர்வஜயா கொடியவள் அல்லள். அரிசிப் பானையின் அடியை நாள்தோறும் பார்ப்பவளின் சினம் அது.

அக்காளும் தம்பியும் நாணற்பூக் காட்டில் ஓடித் தொடர்வண்டியைக் காணும் காட்சியைப் பலரும் போற்றுவர். அதைப் படமாக்கத் தொடங்கிய குழு, சில நாள் கழித்துத் திரும்பியபோது பூக்களை மாடுகள் மேய்ந்திருந்தன. மறுபடி பூக்கும்வரை காத்திருக்க நேர்ந்தது. அக்காட்சியினும் அதனை அடுத்து வைக்கப்பட்டதே முதன்மையானது. வண்டி கண்ட மகிழ்ச்சியோடு திரும்பும் குழந்தைகள் மூங்கில் தோப்பில் இந்திர் பாட்டி உயிரற்றிருப்பதைக் காண்கின்றனர். புதிய உலகின் புகையும் பழைய உலகின் சாவும் இவ்வாறு அருகருகே நிற்கின்றன. படத்தொகுப்பு என்பது துண்டுகளை ஒட்டும் வேலை மட்டுமன்று என்பதற்கு இதனினும் நல்ல பாடம் அரிது.

படத்தின் உச்சம் வேறோரிடத்தில் உள்ளது. பொருள் தேடிச் சென்ற ஹரிஹரர் வீடு திரும்புகிறார். அவர் இல்லாத நாள்களில், புயல் வீசிய இரவொன்றில், காய்ச்சலால் துர்கா இறந்துவிட்டாள். அவருக்கு அது தெரியாது. வாங்கிவந்த பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறார். துர்காவுக்கென வாங்கிய சேலை தாயின் கைக்கு வருகிறது. அதுவரை கல்லாய் நின்றவள் சேலையை வாயோடு அழுத்திக்கொண்டு உடைகிறாள். அப்போது அவள் குரல் நமக்குக் கேட்பதில்லை. ரவிசங்கரின் இசையில், தார் ஷெனாய் என்னும் நரம்புக் கருவி உச்சத்தில் கதறுகிறது. நடிகையின் அழுகுரலாயின் அது ஒரு தாயின் துயராக நின்றிருக்கும். குரலை நீக்கியதால், பார்ப்பவர் ஒவ்வொருவரும் தாம் அறிந்த அழுகையை அங்கே கேட்கின்றனர்.

மாநிலங்களவை உறுப்பினராயிருந்த நடிகை நர்கிஸ், இந்திய வறுமையை ராய் வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி செய்வதாக 1980இல் குறைகூறினார். இதைப் புறந்தள்ளுவதற்கில்லை, பிறர் துயரம் காட்சிப்பொருளாகும் ஆபத்து எக்கலைக்கும் உண்டு. ஆயினும், துயரத்தை விலைபேச எண்ணிய ஒருவர், மிகுதியாக விலைபோகக்கூடிய அந்தக் கதறலையா மறைத்திருப்பார்?

குடும்பம் ஊரைவிட்டுப் புறப்படும் நாளில் ராய் மீண்டும் ஒன்றை மறைக்கிறார். சாமான்களை எடுக்கும் அப்புவின் கையில் ஒரு சிரட்டை அகப்படுகிறது. அதனுள்ளே அந்த மணிமாலை. அக்காள் எடுத்தது உண்மைதான். அவன் யாரையும் அழைக்கவில்லை. ஓடிச்சென்று குளத்தில் எறிகிறான். பாசி விலகி மாலையை ஏற்கிறது. பிறகு மெல்ல மூடிக்கொள்கிறது. ஓர் உரையாடலும் இல்லை.