ஐந்தாம் மாடியும் ஒரு தோட்டமும்

2024 ஜூன் 20

மதியச் சாப்பாட்டு டப்பாவை இன்றும் எலிசபெத் தெருத் தோட்டத்தில்தான் திறந்தேன். நியூயார்க் நகரின் மன்ஹாட்டனில் பிரின்ஸ் தெருவுக்கும் ஸ்பிரிங் தெருவுக்கும் நடுவே, அரை ஏக்கர்கூட வராத இடம். கல் சிங்கங்கள், பேரி மரங்கள், எங்கெங்கிருந்தோ பெயர்த்து வந்த பழைய தூண்கள். என் அலுவலகத்திலிருந்து ஆறு நிமிட நடை.

இந்தத் தோட்டத்தில் வீடு கட்டுவது பற்றிய வழக்கில் நேற்று முன்தினம் மாநிலத்தின் தலைமை நீதிமன்றம் நகர நிர்வாகத்தின் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. இங்கே ஏழு மாடிக் கட்டடம் வரலாம். 62 வயதைக் கடந்த வருமானம் குறைந்தவர்களுக்கு 123 சிறு வீடுகள். அவற்றில் 37, வீடற்று இருந்த முதியவர்களுக்கு. தரையில் ஒரு பகுதியைத் திறந்தவெளியாக விடுவார்கள். இன்றைய தோட்டம் இருக்காது.

தோட்டத்தைக் காக்கச் சொல்லும் மனுவில் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பக்கத்து பெஞ்சில் வழக்கமாக உட்காரும் சீன அம்மாவிடம் தீர்ப்பைச் சொன்னேன். சைனாடவுன் தையல் பட்டறைகளில் வாழ்நாளெல்லாம் உழைத்தவர். முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு. “லிஃப்ட் இருக்குமா?” என்று கேட்டார். அவர் குடியிருப்பது ஐந்தாம் மாடி, லிஃப்ட் கிடையாது. முழங்கால் வலியால் வாரத்துக்கு இரண்டு தடவைதான் இறங்குகிறார். இறங்கினால் நேரே இங்கேதான் வருகிறார்.

எனக்குச் சோறு இறங்கவில்லை.

2024 ஜூலை 6

இந்த இடத்தின் கதையை இரண்டு வாரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். முன்பு பள்ளிக்கூடம் இருந்த நகர நிர்வாக நிலம். பள்ளியை 1970களில் இடித்தார்கள். குப்பை மண்டிக் கிடந்த மனையை 1991-ல் ஆலன் ரைவர் என்ற கலைப்பொருள் வணிகர் மாத வாடகைக்கு எடுத்து, செடி வைத்து, சிலைகளை நிறுத்தினார். பல வருடங்கள் அவருடைய கடை வழியாகத்தான் உள்ளே போக முடியும். தெருக் கதவு ஊருக்கெல்லாம் ஒழுங்காகத் திறந்தது 2013-ல், அதுவும் தன்னார்வலர்களின் உழைப்பால்.

அதற்கு முந்தைய வருடமே இந்த நிலத்தில் வீடு என்று முடிவாகியிருந்தது. கிழக்கே எசெக்ஸ் தெரு வட்டாரத்தில் 1967-ல் 1,800-க்கும் அதிகமான குடும்பங்களை வெளியேற்றி இடித்த நிலம் நாற்பது வருடத்துக்கும் மேல் வெறும் வாகன நிறுத்தமாகக் கிடந்தது. 2012-ல் அங்கே மறுபடி கட்ட ஒருவழியாக உடன்பாடு வந்தபோது, நகரமன்ற உறுப்பினர் மார்கரெட் சின் வீடுகளுக்காகப் பேசி வாங்கிய கூடுதல் இடம்தான் இந்தத் தோட்ட நிலம். ஆனால் இந்தப் பகுதிக்கான ஆலோசனை அமைப்பான சமூக வாரியத்தை யாரும் கேட்கவில்லை. தோட்டத்துக்காரர்களின் கோபம் அங்கே பிறந்தது. அந்தக் கோபம் நியாயமானது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். “ஹட்சன் தெரு 388-ல் இதைவிடப் பெரிய நகர நிலம் இருக்கிறதே, அங்கே கட்டுங்கள்” என்றார்கள். இரண்டிலுமே கட்ட வேண்டும் என்று நிர்வாகம் பதில் சொன்னது. அந்தப் பதிலும் தப்பில்லை.

2024 செப்டம்பர்

நடிகர் ராபர்ட் டி நீரோவும் இயக்குநர் மார்ட்டின் ஸ்கோர்செசியும் தோட்டத்தை விட்டுவிடும்படி மேயர் எரிக் ஆடம்ஸுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். ஸ்கோர்செசி வளர்ந்ததே இந்த எலிசபெத் தெருவில்தான். அவருடைய வலி உண்மையானது. சுற்றிலும் மரநிழல் மிகக் குறைவான பகுதி இது.

சீன அம்மாவைப் பார்த்து மூன்று வாரமாகிறது. மகள் வந்தால்தான் படியிறங்குகிறாராம்.

2025 ஜூன் 24

வெயில் தாங்க முடியவில்லை. மேயர் வேட்பாளர் தேர்வுக்காக இன்று வாக்குச்சாவடிகளில் வரிசை. நேற்று ஆடம்ஸ் நிர்வாகம் கட்டடத் திட்டத்தைக் கைவிட்டுவிட்டது. மார்கரெட் சின்னுக்குப் பின் வந்த உறுப்பினர் கிறிஸ்டோபர் மார்ட்டேயுடன் ஒப்பந்தம்: தோட்டம் இருக்கும், பதிலாக வேறு மூன்று இடங்களில் 620-க்கும் மேற்பட்ட மலிவு வாடகை வீடுகளுக்கு அவர் துணை நிற்பார்.

தோட்டத்தில் ஆட்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். நானும் பேரி மரத்தடியில் நின்றேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு சாயங்காலம் அந்த மூன்று இடங்களைப் பற்றித் தேடினேன். நில வகைப்பாடு மாற்றவேண்டும், விசாரணை நடக்கவேண்டும், பணம் ஒதுக்கவேண்டும். எங்கேயும் அஸ்திவாரம் தோண்டவில்லை. எலிசபெத் தெருவிலோ ஒப்புதல் கிடைத்திருந்தது, தலைமை நீதிமன்றத் தீர்ப்பும் வந்திருந்தது. 123 என்பதைவிட 620 பெரிய எண்தான். ஆனால் எண்பதை நெருங்குகிறவருக்கு ஒரு எண்ணும் ஒரு சாவியும் ஒன்றாகுமா?

ராத்திரி மனைவியிடம் புலம்பினேன். “மரத்தைப் பார்த்து அழுதீங்க, இப்ப அந்த அம்மாவை நினைச்சும் அழறீங்க. ஒண்ணைத்தான் சொல்லுங்களேன்” என்றாள். சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: மாற்று இடம் என்று சொல்கிறவர்கள் அங்கே முதல் தளம் எழும்பிய பிறகு வந்து இந்த நிலத்தை விடுவிக்கச் சொல்லியிருக்க வேண்டும். மனுவில் கையெழுத்துப் போட்டபோது நான் அதைக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

2025 நவம்பர்

மேயர் தேர்தலில் ஸோஹ்ரான் மம்தானி ஜெயித்துவிட்டார். தோட்டத்தில் வீடு கட்டுவேன் என்று சொன்னவர். ஆனால் அவர் பதவியேற்குமுன்பே ஆடம்ஸ் நிர்வாகம் நிலத்தைப் பூங்காவாக அறிவித்துவிட்டது. இந்த மாநிலத்தில் பூங்கா என்று ஆகிவிட்ட நிலத்தை வேறு காரியத்துக்கு எடுக்க மாநிலச் சட்டமன்றம் சம்மதிக்க வேண்டும். கிட்டத்தட்ட கதவு சாத்தியாயிற்று.

இன்று தோட்டத்துக்குப் போனேன். பேரி இலைகள் பாதி உதிர்ந்துவிட்டன. தன்னார்வலர் ஒருவர் வாளியோடு வந்து இலை கூட்டச் சொன்னார். கூட்டினேன். அவர் கையெழுத்து வாங்க ஒரு தாள் நீட்டினார், தோட்டத்துக்கு நன்றி சொல்லும் தாள். அதன் அடியில் நான் ஒரு வரி சேர்த்தேன்: “அந்த மூன்று இடங்களிலும் எப்போது வேலை தொடங்கும் என்று இதே கூட்டம் மாதாமாதம் நகரமன்றத்தில் போய்க் கேட்க வேண்டும்.” அவர் படித்துவிட்டு, அதற்குக் கீழே தன் பெயரையும் எழுதினார்.

திரும்பும் வழியில் சீன அம்மாவின் வீட்டுக்கு ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனேன். எண்ணிப் பார்த்தேன், எழுபத்திரண்டு படிகள்.