சராசரிக்குள் பதுங்கிய நூறு விநாடி

திங்கள்

லோடு டெஸ்ட் இரவோடு இரவாக ஓடி முடிந்திருந்தது. டீமில் புதிதாகச் சேர்ந்த பெண் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். "அக்கா, ஆவரேஜ் சூப்பரா இருக்கு. அனுப்பிடலாமா?"

ஆவரேஜ் நன்றாகத்தான் இருந்தது. ரிசல்ட் ஃபைலைத் திறந்து, பதின்மூன்று இலக்க டைம்ஸ்டாம்ப் வரிசையில் கீழே இறங்கிக்கொண்டே போனேன். நள்ளிரவு தாண்டி ஓரிடத்தில் எண்கள் ஒரே தாவாகத் தாவின. நடுவில் எந்தப் பதிவும் இல்லை. எர்ரர் என்று ஒரு வரிகூடக் கிடையாது.

செவ்வாய்

போர்டில் அவளுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். நாங்கள் ஓட்டிய விதத்தில், ஒரு பதில் வந்த பிறகுதான் டூல் அடுத்த ரிக்வெஸ்டை அனுப்பும். சர்வர் நின்றால் டூலும் நின்றுவிடும். அந்த நேரத்தில் வந்திருக்க வேண்டியவை கணக்கிலேயே ஏறாது. ரேஷன் கடையில் பில் மிஷின் மக்கர் செய்யும்போது, முதலில் நிற்பவர் காத்திருந்ததை மட்டும் நோட்டில் எழுதிவிட்டு, தெருமுனை வரை நிற்கும் வரிசையைப் பார்க்காமல் விடுவது போலத்தான். அஸூல் சிஸ்டம்ஸின் கில் டெனே இதற்கு 'கோஆர்டினேட்டட் ஒமிஷன்' என்று பெயர் வைத்தார்.

விநாடிக்கு 100 ரிக்வெஸ்ட், ஒவ்வொன்றுக்கும் 1 மில்லி விநாடி. 100 விநாடியில் 10,000 பதிவு. அடுத்த 100 விநாடி சர்வர் உறைகிறது. டூல் எழுதுவது ஒரே ஒரு பதிவு. சராசரி சுமார் 11 மில்லி விநாடி. 99.99 பெர்சென்டைலும் 1 மில்லி விநாடிதான்! உண்மையில் அந்த நேரத்தில் இன்னும் 10,000 பேர் வந்து நின்றிருப்பார்கள். உறைவு விலகியதும் எல்லோருக்கும் உடனே பதில் கிடைத்தால்கூட, மொத்தச் சராசரி 25 விநாடி.

அவள் போர்டை போட்டோ எடுத்துக்கொண்டாள்.

வியாழன்

"ஒரே நம்பரா சொல்லுங்கம்மா, ஸ்லைடுல போடணும்" என்றார் மேனேஜர். அவர்மேல் தப்பில்லை, அவரிடம் கேட்பவர்களும் அப்படித்தான் கேட்கிறார்கள். ஜெஃப் டீனும் லூயிஸ் பரோசோவும் 2013இல் எழுதிய கட்டுரையின் கணக்கைச் சொன்னேன். நூற்றில் ஒரு முறைதான் ஒரு சர்வர் ஒரு விநாடிக்கு மேல் எடுக்கிறது. ஆனால் ஒரு பக்கம் திறக்க 100 சர்வர்களின் பதிலும் வேண்டும் என்றால், 63 சதவீதம் பேர் ஒரு விநாடிக்கு மேல் காத்திருப்பார்கள். "பாதிக்கு மேலயா?" என்று நிமிர்ந்தார். ஸ்லைடில் கிராஃப் போடச் சம்மதித்துவிட்டார்.

(ஒவ்வொரு மிஷினின் பெர்சென்டைலையும் கூட்டி வகுத்துச் சராசரி எடுப்பவர்கள் தனி ரகம். அவர்களோடு இன்று மல்லுக்கட்டவில்லை.)

வெள்ளி

ரிப்போர்ட் போயிற்று. முதல் பக்கத்தில் நேரவாரியான கிராஃப், அதில் அந்த ஓட்டை அப்படியே. கூடவே ரிசல்ட் ஃபைல் முழுதும், ஜிசி லாக், மிஷின் விவரம், ஓட்டிய கமாண்ட். மிஷின் விவரம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு 2009இல் டாட் மிட்கோவிச் குழு வெளியிட்ட ஆய்வைச் சொல்வேன்: புரோகிராமில் கைவைக்காமல், என்விரான்மென்ட் வேரியபிள்களின் மொத்த அளவை மாற்றினாலே வேகம் மாறியது.

மாலையில் டேட்டாபேஸ் டீமிலிருந்து பதில். ஃபைலை நிஜமாகவே திறந்து பார்த்திருக்கிறார்கள்! அந்த நேரத்தில்தான் அவர்களுடைய பேக்கப் ஓடுகிறதாம். அதை நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டினால் நம்பர் அழகாக வரும் என்று யோசனையும் சொல்லியிருந்தார்கள்.

மறுபடி ஓட்டுகிறோம், பேக்கப்பும் ஓடட்டும் என்று எழுதினேன். புரொடக்‌ஷனில் அதை யார் நிறுத்தப்போகிறார்கள்?