கோடம்பாக்கம் டு கடலடி!

கோடம்பாக்கத்தில் கடல் உண்டு. உடனே மெரீனா பக்கம் திரும்பாதீர்கள். நான் சொல்வது நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி. காமிராவுக்கு முன்னால் அதை வைத்து, நாலு தங்க மீன்களை விட்டு, தொட்டிக்கு அந்தப் பக்கம் கதாநாயகியைக் கயிற்றில் தொங்கவிட்டு, மின்விசிறியால் கூந்தலை அலைய விட்டு, நீலத் தாள் ஒட்டிய லைட்டைப் போட்டால்... ஆழ்கடல் ரெடி!

அந்த லைட்டைப் போட்டவர்களில் ஒருவர் என் அப்பா. வடபழனி, கோடம்பாக்கம் ஸ்டூடியோக்களில் முப்பது வருஷம் லைட்மேன். இப்போது டிரஸ்ட்புரம் வீட்டு வராந்தாவில் ஈஸிசேர். அவருக்கு நீச்சல் தெரியாது. எனக்கும் தெரியாது. பரம்பரை!

இந்த லட்சணத்தில், "திருகோணமலை போறேன். கடலுக்கு அடியில இறங்கப் போறேன்" என்று நான் அறிவித்ததும் வீடு இரண்டுபட்டது.

"அங்கே சுறா இருக்காமே?" என்றாள் மனைவி.

"இருக்கு. அதுக்குத்தான் போறேன்."

"இன்ஷூரன்ஸ் பிரீமியம் கட்டியாச்சா?"

பி.காம். படித்தவனுக்கு வாய்த்த மனைவி அப்படித்தான் கேட்பாள். அம்மா எதுவும் பேசாமல் வடபழனி முருகன் கோயிலுக்குப் போய் வந்து, என் மணிக்கட்டில் ஒரு சிவப்புக் கயிறைக் கட்டினாள். அப்பா மட்டும் ராத்திரி தனியாகக் கூப்பிட்டார்.

"டேய், அடியில பவளம் என்ன கலர்ல இருக்குன்னு பார்த்துட்டு வா."

"ஏம்ப்பா?"

"ஒரு கடல் செட்ல, தெர்மோகோல்ல பவளம் பண்ணி சிவப்பு அடிச்சு வெச்சிருந்தாங்க. அது எடுப்பாத் தெரியட்டும்னு நான்தான் ஒரு லைட்டைத் திருப்பி விட்டேன். கேமராமேன் யூனிட்டே பார்க்கக் கத்தினார். 'தண்ணிக்குள்ள சிவப்பே தெரியாதுய்யா, முட்டாள்'னார்."

சம்பவம் நடந்து முப்பத்தைந்து வருஷம் இருக்கும். அப்பா நேற்று நடந்த மாதிரி சொன்னார். சுறா விஷயத்தை நான் அதோடு மறந்துவிட்டேன்.

சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து திருகோணமலைக்குச் சாலை வழியாக முழுசாக ஒரு பகல். மே முதல் செப்டம்பர் வரைதான் தோது. தென்மேற்குப் பருவக்காற்று அந்தப் பக்கக் கரையைப் போட்டு உலுக்கும்போது, இந்தக் கிழக்குக் கரைக் கடல் தாம்பாளம் மாதிரி கிடக்கும்.

ஊருக்கு வடக்கே நிலாவெளி. கரையிலிருந்து ஒரு கிலோமீட்டரில் புறாத்தீவு. மாடப்புறாக்கள் அடையும் பாறைத் தீவு என்பதால் அந்தப் பெயர். வெள்ளைக்காரன் காலத்தில் அதைச் சுட்டுப் பழகும் இடமாக வைத்திருந்தார்கள். 1963-ல் சரணாலயம் ஆனது, 2003-ல் தேசியப் பூங்கா. சுற்றிலும் பவளப்பாறை, முழங்கால் ஆழத்திலேயே ஆரம்பம்.

கூட்டிப் போனவன் உள்ளூர்த் தம்பி. அவனுடைய அப்பா மீன் பிடித்தவர். 2004 சுனாமியில் வள்ளம் போயிற்று. "அப்பா சுறாவைப் பிடிச்சு வித்தவர். நான் சுறாவைக் காட்டிச் சம்பாதிக்கிறன்" என்று சிரித்தான்.

முதலில் லைஃப் ஜாக்கெட்டோடு மிதந்துகொண்டே குனிந்து பார்ப்பது. முகத்துக் கண்ணாடியில் எச்சில் துப்பித் தேய்க்கச் சொன்னான். பனி படியாமல் இருக்க வேறு மருந்து கிடையாதாம். சொந்த எச்சில்தானே, துப்பினேன்.

குனிந்தால்... மான் கொம்பு மாதிரி கிளைவிட்ட பவளம், மைதானம் மைதானமாக! ஆனால் என்ன கலர் தெரியுமா? கடுகு கலர், காப்பி கலர், முனையில் மட்டும் லேசாக ஊதா. அப்பாவை நினைத்து வயிற்றைப் பிசைந்தது. நகைக்கடையில் பார்க்கிற சிவப்புப் பவளம் வேறு ஜாதி, ஆழத்தில் வளர்வது என்று தம்பி சொன்னான். கேமராமேன் ஜெயித்துவிட்டாரா?

யோசித்துக்கொண்டிருக்கும்போதே இடது பக்கம் ஒரு சாம்பல் நிழல். முதுகுத் துடுப்பின் நுனியில் மை தொட்ட மாதிரி கறுப்பு. கரும்நுனிச் சுறா! ஐந்தடி இருக்கும். பின்னால் இன்னொன்று. எனக்கும் சுறாவுக்கும் அதுவரை இருந்த உறவு இலையில் சுறாப்புட்டு வடிவத்தில்தான். அது தெரிந்துவிட்டதோ என்று நடுங்கினேன். ஆனால் என்னைப் பார்த்ததும் அந்த இரண்டும்தான் ஓடின! டெபாசிட் கேட்டு வரும் பேங்க் மானேஜரைப் பார்த்தவர்கள் மாதிரி.

1975-ல் 'ஜாஸ்' படம் வந்து உலகத்தையே கடலுக்குப் பயப்பட வைத்தது. கதையை எழுதிய பீட்டர் பெஞ்ச்லி பிற்பாடு வருத்தப்பட்டு, சுறாக்களைக் காப்பாற்றுங்கள் என்று ஊர் ஊராகப் பேசினார். கணக்கைப் பாருங்கள்: சுறா கடித்துச் சாகிற மனிதர்கள் பெரும்பாலான வருஷங்களில் உலகம் முழுக்கப் பத்துப் பேருக்குள். மீன்பிடியில் சாகிற சுறாக்கள் வருஷத்துக்குச் சுமார் 8 கோடி. யார் யாரைப் பார்த்து ஓடணும்?

அங்கே நான் பார்த்த நிஜமான ஆபத்து நம்ம ஆள்தான். செல்ஃபிக்காகப் பவளத்தின் மேல் ஏறி நின்றார் ஒருவர். தம்பி விசிலடித்து இறக்கினான். கிளைப் பவளம் வருஷத்துக்குப் பத்து சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம், உருண்டைப் பவளம் ஒரு சென்டிமீட்டர். அவர் மிதித்தது எத்தனை வருஷக் கையிருப்போ!

மறுநாள்தான் ஸ்கூபா. முதுகில் சிலிண்டர். அதில் ஆக்ஸிஜன் இல்லை சார், நாம் சுவாசிக்கிற அதே காற்றை அமுக்கி அடைத்தது. 200 பார் ஓப்பனிங் பேலன்ஸ். 50-க்கு வந்தால் மேலே வந்துவிட வேண்டும். மினிமம் பேலன்ஸில் கை வைக்கக்கூடாது என்பது எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. "எந்தக் காரணத்துக்கும் மூச்சைப் பிடிக்க வேணாம் அண்ணா" என்றான். பத்து மீட்டர் ஆழத்தில் காற்றுமண்டல அழுத்தம் இரண்டு மடங்கு. அங்கே நிரப்பிய நுரையீரலை மூடிக்கொண்டு மேலே வந்தால் காற்று விரிந்து கிழித்துவிடும். காது அடைத்தால் மூக்கைப் பொத்தி ஊத வேண்டும்.

இடம் இறக்கக்கண்டிப் பக்கம், மூழ்கிய இரும்புக் கப்பல் ஒன்று. தம்பி என் தோள்பட்டையைப் பிடித்தபடி இறக்கினான். நாலு மீட்டரில், சரியா என்று சைகையில் கேட்டான். நான் 'சூப்பர்' என்று கட்டை விரலை உயர்த்தினேன். உடனே என்னைத் தூக்கிக்கொண்டு மேலே வந்துவிட்டான்! கடலுக்குள் கட்டை விரல் என்றால் 'மேலே போகணும்' என்று அர்த்தமாம். காலையில் சொல்லித்தான் கொடுத்தான், நான் அப்போது இட்லியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் முறை இறங்கினோம். பாசி பிடித்த இரும்பு விலா எலும்புகள், அதற்குள் கூட்டம் கூட்டமாய் மீன். மாம்பலம் ஸ்டேஷன் சாயங்காலம் ஆறு மணிக்கு! நீளமான மூச்சுச் சத்தம் என்னுடையதுதான் என்று புரியவே நேரமாயிற்று. மீட்டரில் 11 காட்டியது. தற்செயலாக மணிக்கட்டைப் பார்த்தேன்.

அம்மா கட்டிய கயிறு கறுப்பாக இருந்தது.

பகீரென்றது. முருகா, இது என்ன சகுனம்! கயிற்றைக் காட்டிக் கையைக் காலை உதறினேன். தம்பி நிதானமாக இடுப்பிலிருந்து டார்ச்சை எடுத்துக் கயிற்றின் மேல் அடித்தான். பளிச்சென்று குங்குமச் சிவப்பு! டார்ச்சைக் கப்பல் பக்கம் திருப்பினான். கன்னங்கரேல் என்றிருந்த இரும்பில் ஒட்டி வளர்ந்த பஞ்சுயிர்கள் அத்தனையும் சிவப்பு, ஆரஞ்சு. விளக்கை அணைத்தான், மறுபடி கறுப்பு. வெயிலில் உள்ள சிவப்பைத் தண்ணீர் முதல் சில மீட்டரிலேயே குடித்துவிடுகிறது. நிறம் எங்கேயும் போகவில்லை, வெளிச்சம்தான் வந்து சேரவில்லை.

கண்ணாடிக்குள் கண் கரித்தது. உப்புத் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாலையில் கோணேசர் கோயில். பாறை உச்சியிலிருந்து கீழே கடலைப் பார்த்தால் தலை சுற்றும். பழைய கோயிலை 17-ம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் இடித்தார்கள். 1956-ல் விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆர்தர் கிளார்க்கும் மைக் வில்சனும் இந்தப் பாறையடியில் முக்குளித்து, செதுக்கிய கற்களையும் தூண்களையும் பார்த்தார்கள். வில்சன் பிறகு சினிமாவுக்கு வந்தார். சிங்களத்தின் முதல் கலர் படமான 'ரன் முத்து தூவ'வை (1962) அவர்தான் இயக்கினார், கடலடிக் காட்சிகளோடு. அப்புறம் முருக பக்தராகி, சிவ கல்கி என்ற பெயரில் சாமியாரும் ஆனார். அவரை வடபழனிக்கு அழைத்து வர ஆளில்லாமல் போயிற்றே!

முக்குளித்த உடனே விமானம் ஏறக்கூடாது, உடம்பில் கரைந்த நைட்ரஜன் குமிழாகிவிடும் என்பதால் ஒரு நாள் கழித்தே கிளம்பினேன்.

வீட்டில் பெட்டியைக் கூட வைக்கவில்லை. அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கயிற்றைக் காட்டினேன். முகத்தில் அசைவே இல்லை.

"டார்ச்சை எவ்வளவு தூரத்துலேர்ந்து அடிச்சான்?"

"ஒரு அடி இருக்கும்ப்பா."

"கிட்டே வெச்சிருக்கான். தள்ளி வெச்சிருந்தா நடுவுல இருக்கிற தண்ணியே சிவப்பைத் தின்னிருக்கும்" என்றார், ஏதோ தினமும் கடலுக்குள் ஷூட்டிங் போய் வருகிறவர் மாதிரி. அப்புறம் வெகுநேரம் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஆள் போய்ச் சேர்ந்துட்டாருடா... இருந்திருந்தா ஒரு போன் போட்டிருப்பேன்."