பாட்டியும் ஹஜுர்ஆமாவும்

கர்த்தருடைய கிருபையால், பணி ஓய்வுக்குப்பின் நானும் என் கணவரும் நேபாளத்தில் ஊழியம் செய்துவருகிறோம். மும்பையிலிருந்து மகனும் மருமகளும் பேத்தியும் கோரக்பூர் வரை ரயிலிலும், சுனௌலி எல்லையைக் கடந்து பேருந்திலும் எங்களைக் காண வந்தார்கள். இந்திய நேரத்திற்கு 15 நிமிடம் முந்தி ஓடும் கடிகாரம் பேத்திக்கு வேடிக்கையாயிருந்தது.

இங்கே சனிக்கிழமையே விடுமுறை. சபைகளும் பெரும்பாலும் அன்றுதான் கூடுகின்றன. ஆராதனை முடிந்ததும் பிள்ளைகள் "ஹஜுர்ஆமா" என்று என்னைச் சூழ்ந்துகொண்டனர். அதற்குப் பாட்டி என்று பொருள் என அறிந்ததும் பேத்தியின் முகம் வாடியது. "எனக்கு மட்டும் பாட்டி இல்லையா?" என்றாள். எனக்கு நா எழவில்லை.

புறப்படும் நாளில் தன் வண்ணப் பென்சில்களை அப்பிள்ளைகளிடம் கொடுத்து, "என் பாட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று இந்தியில் சொன்னாள்.

பிரியமானவர்களே, ஊழியரை ஜெபத்தில் தாங்குகிறீர்கள். அவர்களை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் பிள்ளைகளையும் நினைத்தருளுங்கள்.