பார்த்த கூலி

கோவை சுந்தராபுரத்தை ஒட்டிய அந்தப் பட்டறைக்கு எதிரே ஒரு வெல்டிங் கடை. அது திறந்துவிட்டால் வேறெதுவும் காதில் விழாது. அதனால் சத்தப் பிரச்சினை உள்ள வண்டிகளை மேஸ்திரி காலை ஏழரைக்கே வரச் சொல்லிவிடுகிறார். அவர் வேலை செய்வதைப் பார்க்கத்தான் நானும் போயிருந்தேன்.

அன்று வந்தது ஒரு சின்ன கார். ஓட்டி வந்தவர் பள்ளி ஆசிரியை. முன்பக்கம் இடதுபுறத்திலிருந்து கடகடவென்று ஒரு சத்தம். சில நேரம் வருகிறது, சில நேரம் இல்லை. வேறோரிடத்தில் லிங்க் ராட், புஷ் எல்லாம் மாற்றியாயிற்று. சத்தம் போகவில்லை.

மேஸ்திரி பானட்டைத் திறக்கவில்லை. “எப்பங்க மேடம் வருது?” என்றார்.

“சின்னச் சின்ன மேடு பள்ளத்துல வருதுங்க. பெரிய ஸ்பீடு பிரேக்கர்ல ஏறி இறங்கினா வர்றதே இல்ல. அதான் புரியல.”

அடுத்தடுத்துக் கேள்விகள். ஒவ்வொன்றும் வண்டியின் ஒரு பகுதியைச் சந்தேகத்திலிருந்து கழித்துக்கொண்டே போகிறது. வண்டி நிற்கும்போதே ஆக்சிலேட்டரோடு ஏறி இறங்கும் சத்தம் என்றால் இன்ஜின் பக்கம். ஓடும்போது நியூட்ரலில் விட்டும் மாறாமல் தொடர்ந்தால் சக்கரப் பக்கம். வலப்பக்கம் வளையும்போது பாரம் இடது சக்கரத்துக்குப் போகும். அப்போது ஊளை கூடினால் இடது வீல் பேரிங்கைப் பார்க்க வேண்டும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து நகரும்போது டக் டக் என்றால் ஆக்ஸில் ஜாயின்ட். தாளமும் துப்புத் தரும். 60 கிலோமீட்டர் வேகத்தில் சின்ன காரின் சக்கரம் நொடிக்கு ஏறக்குறைய 9 முறை சுற்றும். இன்ஜின் 2,000 ஆர்பிஎம்மில் இருந்தால் நொடிக்கு 33 சுற்று. பழகிய காது இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாது.

ட்ரையல் போகும்போது மேஸ்திரி ஸ்டியரிங்கைத் தொடவில்லை. “நீங்களே ஓட்டுங்க. உங்க கால் பழக்கத்துக்குத்தான் வரும்.” பின்சீட்டில் நானும், தொழில் பழகும் தம்பியும். பெயர்ந்து கிடந்த தார் ரோட்டில் சத்தம் வந்தது.

“இப்ப பிரேக்கை லேசாத் தொடுங்க. வண்டி நிக்க வேண்டாம்.”

நின்றது சத்தம். காலை எடுத்ததும் திரும்ப வந்தது. மேஸ்திரி இன்னொரு முறை செய்யச் சொன்னார். அதேதான்.

பிரேக்கைத் தொட்டதும் காலிப்பர், பேடுகளை டிஸ்க்கோடு இறுக்கிப் பிடித்துவிடுகிறது, ஆட இடமில்லை. பெரிய ஸ்பீடு பிரேக்கருக்கு முன்னால் எல்லோருடைய காலும் பிரேக்கில்தான் இருக்கும். சின்னப் பள்ளத்துக்கு யாரும் பிரேக் பிடிப்பதில்லை. ஆசிரியைக்குப் புரியாமலிருந்த அந்த முரண்தான் குற்றவாளியைக் காட்டிக்கொடுத்தது.

சக்கரத்தைக் கழற்றுமுன் மேஸ்திரி தம்பியிடம் கேட்டார்: “உள்ள என்னடா இருக்கும், சொல்லு?” யோசித்துவிட்டு, “பேடு லூசுங்ணா” என்றான். கழற்றினால், பேடை அழுத்திப் பிடிக்கிற கிளிப்பைக் காணோம். காலிப்பர் பின்னில் கிரீஸ் காய்ந்திருந்தது. பின்னைத் துடைத்து, சூடு தாங்கும் கிரீஸ் வைத்து, புதுக் கிளிப்பை மாட்டினார்கள். அதே ரோட்டில் மறுபடி ஓட்டிப் பார்த்தோம். சத்தமில்லை.

பில்லில் கிளிப், கிரீஸ், மாட்டின கூலி. அவ்வளவுதான். கண்டுபிடித்ததற்கு?

“பார்க்கிறதுக்கே காசாம்பாங்க சார். விட்டுடறதுங்க.”

எனக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது. அந்தக் காலையில் நடந்த வேலையில் பெரும்பங்கு பார்த்ததுதான். மாட்டியது கொஞ்ச நேரம். ஊகத்தில் நாலு சாமான் மாற்றுகிறவருக்கு நாலு சாமானுக்கும் கூலி கிடைக்கிறது. சரியாகக் கண்டுபிடிக்கிறவருக்கு ஒரு கிளிப்பின் கூலி. இதே கணக்கு நீடித்தால் அந்தத் தம்பி நாளை எதைக் கற்றுக்கொள்வான்? கழற்றுமுன் யோசிக்கவா, கழற்றி மாற்றவா? எதற்குக் கூலி கொடுக்கிறோமோ அந்த வேலைதான் நிலைக்கும். பில்லின் முதல் வரியிலேயே ‘பார்த்த கூலி’ என்று அவர்கள் எழுதட்டும். நாம் பேரம் பேசாமல் கொடுப்போம்.